அந்த சீட்டில் யார் வந்தது

எங்கள் வாப்பாவை ஐஸில் வைத்திருந்தோம். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பொழுது சாயும் அஸர் தொழுகை நேரம் வரை. எங்கள் சனத்தில் இதைச் சொல்லவே நாக்கூசும். காலையில் மௌத்தானால் அன்று அஸருக்குள் அடக்கிவிடுவது எங்கள் முறை. மையித்தைக் காக்கவைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்வார்கள். உயிர் போன உடம்புக்கும் நோவு தெரியும் என்பார்கள். அதனால்தான் குளிப்பாட்டும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றுவதில்லை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிப் பையத் தேய்ப்பார்கள், பச்சைப் பிள்ளையைத் தேய்ப்பது போல.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மீன் மார்க்கெட்டிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளங்கள் வந்து இறங்கின.

என் உம்மாதான் அதற்குக் காரணம் என்று ஊர் சொன்னது. உம்மாவும் அப்படியே நம்பினாள். நான் நம்பவில்லை. ஒரு விமானக் கம்பெனிதான் என் வாப்பாவை ஐஸில் போட்டது என்று நான் சொன்னேன். அதை அந்தக் கம்பெனிக்காரன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், உம்மா காது கேட்க. அதற்காகத்தான் தொண்ணூறுகளில் பல வருஷங்களை நுகர்வோர் மன்றத்தின் பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்தேன்.

நாங்கள் மேலப்பாளையம். வாப்பா தறிக்காரர்களிடம் கைலி எடுத்து திசையன்விளை, சாத்தான்குளம் பக்கமெல்லாம் கொண்டுபோய் விற்பவர். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துவிட்டார். டாக்டரைக் கூப்பிடப் போன ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பி வளைகுடாவில் இருந்தான். சபருக்குப் போய் ஊர் திரும்பாமல் வருஷங்கள் ஆகியிருந்தன. மாமா, அதாவது உம்மாவின் அண்ணன், எதிர்க் கடை போனிலிருந்து அவனுக்குச் சொன்னார். அவனுடைய முதலாளி அரபி ஊரில் இல்லை. டிக்கெட் எடுத்துக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. மாமா வண்ணார்பேட்டைக்கு ஓடினார். அங்கே அந்தக் கம்பெனிக்கு ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். இங்கே பணம் கட்டினால் அங்கே டிக்கெட் கிடைக்கும். ஏஜெண்ட் போன் போட்டு, டெலெக்ஸ் அடித்து, சீட் உறுதி என்று சொல்லி அனுப்பினார். இன்று ராத்திரி அங்கே ஏறினால் நாளை விடியும்போது திருவனந்தபுரம்.

ஜமாஅத் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வரவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், அஸருக்கு எடுத்துவிடுவோம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"அவன் வாப்பா முகத்தப் பாத்து வருசமாச்சு. சீட்டு உறுதின்னு சொல்லிட்டானுவல்லா. பொழுது விடிஞ்சா வந்துருவான்."

ஒரு ராத்திரிதானே என்று பெரியவர்கள் கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள். கட்டிலுக்குக் கீழே ஐஸ் வைத்தார்கள். இரண்டு பக்கமும் வைத்தார்கள். வெயில் காலம். ஐஸ் கரைந்து விழ அடியில் அலுமினியத் தாம்பாளம் ஒன்றும் துணி துவைக்கும் தொட்டி ஒன்றும் வைத்தோம். ஓதுகிற சத்தம் நின்றால் சொட்டுகிற சத்தம் கேட்கும். அந்தச் சொட்டு காதில் விழாமல் இருப்பதற்காகவே ஓதினோம் என்றுகூடத் தோன்றும். நிறைந்தால் நானும் சின்னம்மாவும் எடுத்துப் போய் வாய்க்காலில் ஊற்றிவிட்டு வருவோம். உம்மா அந்தத் தண்ணீரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

விடிந்ததும் மாமாவின் போன் வந்தது. வேன் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் போய் நின்றவர் அவர். விமானம் இறங்கிவிட்டது என்றார். சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் வெளியே வந்தாராம். தம்பியை அவருக்குத் தெரியும். அவன் போர்டிங் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாராம். மாமா போனில் கத்தினார்: "வந்துட்டான், வந்துட்டான். கஸ்டம்ஸ்ல நிக்கான்."

அந்தக் காலத்தில் கஸ்டம்ஸ் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மணி நேரமும் நிற்கலாம், அரை நாளும் நிற்கலாம். மௌத்துக்கு வருகிறவன் பெட்டி கொண்டுவர மாட்டானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஆட்கள் மௌத்துக்குப் போகிறவனையும் சும்மா விடமாட்டார்கள். ஊருக்கு யார் கிளம்பினாலும் அறையில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். சோப்பு, சென்ட், பிள்ளைக்குச் சட்டை. எவனாவது ஒருத்தன் சட்டைக்குள் தங்கத்தைச் சுருட்டி வைத்திருப்பான். அப்படித்தான் மாட்டிக்கொண்டிருப்பான் என்று மாமா நினைத்தார். உள்ளே போய் உரக்கக் கேட்டால் பையனுக்கு வம்பாகிவிடும் என்று பயந்து கம்பிக்கு வெளியே சத்தம் போடாமல் நின்றார். வேறு எந்த ஊர்க்காரனாவது இருந்தால் உள்ளே புகுந்து சட்டையைப் பிடித்திருப்பான். எங்கள் மாமா பொட்டலத்துக்குப் பயந்து நின்றார்.

விமானக் கம்பெனி கவுண்டரில் மட்டும் கேட்டிருக்கிறார். ஒரு தடவை அல்ல. இந்தப் பெயரில் ஆள் வந்தானா என்று மட்டும் சொல்லுங்கள், வீட்டில் மையித்து கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார். பயணிகள் பட்டியலை வெளியாளுக்குக் காட்ட முடியாது, வெளியே நில்லுங்கள் என்றார்கள். அவ்வளவுதான்.

தம்பி அந்த விமானத்தில் ஏறவே இல்லை. போர்டிங் அட்டை கொடுத்தவர்களே ஏறும் வாசலில் வைத்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சீட்டுக்கு மேல் ஆள் சேர்த்துவிட்டார்கள். உன் வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டோம், திருவனந்தபுரத்தில் சொல்லிவிடுவார்கள், அடுத்த விமானத்தில் போகலாம் என்று சொல்லி அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் நம்பினான். அவர்கள் தகவல் அனுப்பவில்லை. சந்தேகம் வந்து அவனாக வெளியே ஓடிப்போய் எதிர்க் கடைக்குப் போன் பண்ணியபோது இங்கே அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அன்றே எடுத்தோம். முகத்திலிருந்து துணியை விலக்கிக் காட்ட வேண்டிய நேரத்தில் விலக்கவில்லை. விலக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தரையும் சாம்பிராணியையும் மீறி வீட்டில் வாடை இருந்தது. நான் இதை மூடி மறைத்து எழுதப்போவதில்லை.

தம்பி மறுநாள் வந்தான். ஈரம் காயாத கபர் மேட்டைப் பார்த்துவிட்டு வந்து ஐஸ் தண்ணீர் பிடித்த தொட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லீவு முடிந்து போகும்போது அக்காவான என்னிடம் மட்டும் சொன்னான்: "லாத்தா, அவங்கள விடாதிய."

உம்மா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்க வேண்டும். வாப்பா கிடந்த அதே அறை. துக்கம் கேட்க வந்த பெண்கள், வாயைக் கட்டிக்கொள்ளத் தெரியாதவர்கள், மகன் முகத்துக்காகப் புருஷனைக் குளிரில் போட்டாளே என்று வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அது உள்ளே கேட்டது. இத்தா முடிந்த பிறகும் உம்மா குளிர்ந்த தண்ணீரைக் குடிப்பதில்லை. வியாழக்கிழமை பொழுது சாயும்போது ஒரு செம்பு வெந்நீர் போட்டு அந்தக் கட்டில் இருந்த இடத்தில் வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. சில நேரம் வேலைக்கு நடுவில் நிமிர்ந்து, "ஏளா, கொழாய மூடுனியா?" என்பாள். குழாய் மூடித்தான் இருக்கும். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எனக்கும் கேட்கத்தான் செய்தது.

அப்போதுதான் உம்மாவுக்கு அந்தக் கேள்வி வந்தது. தம்பி வராத அந்த சீட்டில் யார் வந்தது?

சாத்தான்குளத்துக்காரர் துக்கம் கேட்க வந்தார். நான் பார்த்ததைச் சொன்னதால்தானே இப்படி ஆயிற்று என்று அழுதார். அவர் மேல் தப்பில்லை என்று உம்மாவே சொல்லி அனுப்பினாள். ஆனால் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள், உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்து வந்தது என்று. ஒரு ஆள் கடைசியாக வந்து ஏறினார், கம்பெனி கொடுத்த போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வழியெல்லாம் படுத்தே வந்தார், முகத்தைப் பார்க்கவில்லை என்றார் அவர்.

உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் போர்வைக்காரர் வீட்டிலும் மௌத்து நடந்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இல்லையென்றால் ஏன் முகத்தை மூடிக்கொண்டு வர வேண்டும்? அழுதுகொண்டு வந்திருப்பார். நம் பிள்ளைக்கு இல்லாமல் போன இடத்தை அல்லாஹ் இன்னொரு மையித்துக்காரனுக்குக் கொடுத்தான். அப்படியானால் ஐஸில் கிடந்ததற்கும் ஒரு அர்த்தம் இருந்தது. சபரிலிருந்து யார் ஊர் வந்தாலும் விசாரிப்பாள். நீங்கள் அன்றைக்கு வந்தீர்களா? உங்களுக்குத் தெரிந்து யாராவது மௌத்துக்கு வந்தார்களா? வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்பார்கள்.

எனக்கு அந்தப் போர்வைக்காரர் வேண்டாம். எனக்குக் கம்பெனி வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவள். வாழாமல் திரும்பி வந்து தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையில் ஒரு பிள்ளைமார் வக்கீல் இருந்தார். வக்கீல் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நுகர்வோர் மன்றத்தில் வக்கீலே தேவையில்லை, வெள்ளைத் தாளில் நீயே எழுதிக் கொடுக்கலாம், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். இங்கே பணம் கட்டி டிக்கெட் எடுத்ததால் வழக்கை இங்கேயே போடலாம் என்றும் அவர்தான் சொன்னார். நான் எழுதிய முதல் வரி: வரவில்லை என்பதை எங்களுக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு வெற்றிலையை ஒதுக்கினார். நஷ்டஈடு கேட்கலாம் தாயி, இப்படி எழுதிக் கொடு என்று உத்தரவு போடச் சட்டத்தில் இடமில்லை என்றார். இருந்தாலும் அந்த வரியை அடிக்க நான் விடவில்லை.

கம்பெனியின் பதில் வந்தது. பயணத்துக்கு மூன்று நாள் முன்பே பயணி தான் வருவதை மறுபடி உறுதி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, ஆகையால் அவருக்கு சீட் இல்லை. இதைச் சத்தியம் செய்து எழுதியிருந்தார்கள். மன்றத்தில் கம்பெனி வக்கீல் அதை வாசித்து முடித்தபோது நான் எழுந்து நின்றேன்.

"மூணு நாளைக்கு முந்தி எங்க வாப்பா சைக்கிள்ல கைலிப் பொதி கட்டிக்கிட்டிருந்தாங்கய்யா. அப்ப எப்படி முன்கூட்டிச் சொல்லி வைக்க?"

பின்னால் இருந்த யாரோ சிரித்துவிட்டார்கள். மன்றத் தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மேலே சொல்லு என்பதுபோலக் கையைக் காட்டினார். ஆனால் கம்பெனி வக்கீலிடம் அடுத்த தாள் இருந்தது. பட்டணத்துத் தமிழில் பொறுமையாகப் பேசினார். இவர்களுடைய மார்க்கப்படி அன்றே அடக்கம் செய்திருக்க வேண்டும். காத்திருந்தது குடும்பத்தின் சொந்த முடிவு. குறிப்பாக இறந்தவரின் மனைவியின் முடிவு. உடலுக்கு நேர்ந்ததற்கு என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பாவார்?

வாசலில் நின்று பேசிவிட்டுப் போன அந்தப் பெண்களும் இவரும் ஒன்றுதான். இவர் கோட்டுப் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

காத்திருக்கச் சொன்னது உங்கள் டிக்கெட், வரவில்லை என்று கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடிந்ததும் எடுத்திருப்போம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்துவிட்டது. அண்ணாச்சி என் துப்பட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வாய்தா மேல் வாய்தா போய் உத்தரவு வந்தது. எங்களுக்குத்தான் ஜெயம். உறுதி செய்த சீட்டை மறுத்தது சேவைக் குறைபாடு, வந்து நின்ற உறவினருக்குத் தகவல் தராததும் குறைபாடு, கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். அடக்கம் தள்ளிப்போனது பற்றி மன்றம் உள்ளே போக விரும்பவில்லை என்று ஒரு வரி. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சீட்டப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்றாள்.

உத்தரவு வந்தும் கம்பெனி அசையவில்லை. பதிலும் இல்லை. மாதங்கள் போயின. அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

"ஆர்டர் வச்சிருக்கேல்லா தாயி, இந்த வெயிலுக்கு விசிறிக்கிட நல்லாருக்கும்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். உத்தரவை மதிக்காதவனை உள்ளே வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது, அதற்கு இன்னொரு மனு போட வேண்டும். போட்டோம். நோட்டீஸ் போனது. வரவில்லை. மேனேஜர் மேல் வாரண்ட் போனது. ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வந்தது. ஆளை அடையாளம் காட்ட நீயே கூடப் போ என்றார் அண்ணாச்சி. ஒரு போலீஸ்காரரோடு நானும் மாமாவும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்று வேனைத் தள்ளியதாம் அன்றைக்கு. மாமா அதை மட்டும் சொன்னார்.

போலீஸ்காரர் நல்ல மனுசன். "நீ ஆளக் காட்டுனா நான் பிடிக்கேன். ஆளக் காட்டாம யாரப் பிடிக்கச் சொல்லுத, ஏரோப்ளேனையா?" என்றார். அலுவலகத்தில் மேனேஜர் டூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருந்தது. தேநீர் பாதி குடித்தபடி இருந்தது. போலீஸ்காரர் அந்தக் குவளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டூர் போனவர் தேநீர் இன்னும் சூடாக இருக்கிறதே என்று நின்றவர்களிடம் சொல்லி, அடுத்த வாய்தாவுக்கு வரவில்லையென்றால் வீட்டுக்கு வருவேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஒரு விமானம் இறங்கியிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர் மாதிரிச் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், கஸ்டம்ஸ்ல நிக்கான் என்றார். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் அன்றைக்கு நின்றதும் அந்த இடம்தான் போல. கையை எடுக்க வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வருவதற்குள் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

மேனேஜர் வருகிற நாளில் உம்மா தானும் வருவேன் என்றாள். அதுவரை ஒரு நாள்கூட வந்ததில்லை. ஆற்றுப்பாலம் கடக்கும்போதுகூட வெளியே பார்க்காமல் துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி என்று நான் இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தது நாகர்கோவில் பக்கத்து ஆள் ஒருவரை. மெலிந்த உடம்பு. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் நடந்தபோது அவர் அந்த ஊரிலேயே வேலை பார்க்கவில்லை. தலைவர் கடுமையாகப் பேசினார். மேனேஜர் டிராஃப்டை நீட்டினார். முடிந்தது. வராந்தாவுக்கு வந்ததும் நான் போய் அவர் முன்னால் நின்றேன். சட்டத்தில் இடமில்லை, சரி. வாயால் சொல்லுங்கள். எங்கள் உம்மா நிற்கிறாள், சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு என்று சொல்லுங்கள் என்றேன். அப்படிச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை, தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்றார். நான் அடித்திருப்பேன். உம்மா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, எனக்கு அதெல்லாம் வேண்டாம். எம் மவன் சீட்டுல யாரு வந்தா? அது மட்டும் சொல்லும். அவுக வீட்டுலயும் மௌத்துதானே?"

அவருக்கு முதலில் புரியவில்லை. அண்ணாச்சி விளக்கிச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அர்த்தம். எனக்கே அது தெரிந்தது.

மேனேஜர் கைக்குட்டையை மடித்தார். உம்மாவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். அதனால்தான் கெட்டது.

"லிஸ்டெல்லாம் அழிச்சாச்சும்மா. உங்ககிட்ட இனி எதுக்குப் பொய் சொல்ல. அந்த சமயத்துல எங்க ஆபீஸ் ஆளுங்கதான் லீவுக்கு ஊருக்கு வருவாங்க. கடைசி நேரத்துல அவங்களுக்குத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. அப்படித்தான் இருக்கும்."

மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று சத்தியம் செய்து பொய் எழுதிய கம்பெனி. தகவல் அனுப்பிவிட்டோம் என்று என் தம்பியை நாற்காலியில் உட்கார வைத்த கம்பெனி. தேநீர் ஆறுவதற்குள் டூர் போன கம்பெனி. அத்தனை வருஷத்தில் அவர்கள் எங்களிடம் சொன்ன ஒரே உண்மை அது. அதை என் உம்மாவிடம் சொன்னார்கள்.

உம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். சரி தம்பி என்றாள். அவரை ஏசவில்லை. துப்பட்டியைச் சரி செய்துகொண்டு படி இறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். வண்ணார்பேட்டை நெரிசலில் பஸ் நின்றது. ஒரு சர்பத் கடையில் கோணிச் சாக்கில் ஐஸைப் போட்டு மரச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஷட்டரை இறக்கினேன். உம்மா கேட்டாள்.

"லீவுக்கா வந்தான்?"

அதன் பிறகு அவள் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, என்னிடமும், சபரிலிருந்து வருகிறவர்களிடமும். நஷ்டஈட்டைத் தம்பி பெயரில் போட்டுவிட்டோம். போர்வைக்காரரைப் பற்றிய பேச்சு வீட்டில் நின்றுபோனது. உம்மா இருந்தவரை வியாழக்கிழமை வெந்நீர் நிற்கவில்லை. இப்போது அந்த அறையில் நான் தைக்கிறேன். மிஷினை நிறுத்தினால் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். குழாய் மூடித்தான் இருக்கிறது.